வட்டி கேட்காமல் கோடி கொடுக்கிறவர்கள் யார்?

கோத்தகிரியில் ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலை. பக்கத்து வீட்டுக்காரர் குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று கேட்டார்: “சார், இவர்கள் வட்டி எத்தனை சதவீதம் போடுவார்கள்?”

அவருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. மகள் சென்னையில் பொருளறிவியல் (மெட்டீரியல் சயின்ஸ்) ஆய்வு மாணவி. தேயிலைத் தொழிற்சாலையில் நறுக்கிய இலை பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வரும் கட்டம் ஒன்று உண்டு. அதை எந்த நிமிடத்தில் உலர்த்தியில் தள்ள வேண்டும் என்பதை டீ மேக்கர் பெரும்பாலும் கண்ணாலும் மூக்காலும்தான் முடிவு செய்கிறார். நேரம் பிசகினால் தூளின் தரம் போய்விடும், குன்னூர் ஏலத்தில் விலையும் போய்விடும். அந்த வாசனையை உணரும் மெல்லிய படலம் ஒன்றை இந்தப் பெண் ஆய்வகத்தில் செய்திருக்கிறாள். கேள்விப்பட்ட ஒரு துணிகர முதலீட்டு (வென்ச்சர் கேபிடல்) நிறுவனம் அவளைப் பேச அழைத்திருக்கிறது. நான் முப்பது வருடம் வங்கியில் கடன் கொடுத்தவன் என்பதால் அவள் அப்பா என்னிடம் வந்திருக்கிறார்.

“வட்டி கிடையாது” என்றேன்.

“அசல்?”

“நிறுவனம் மூழ்கினால் அசலும் கேட்க மாட்டார்கள்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்தது. வட்டியும் கேட்காமல் அசலும் கேட்காமல் பணம் தருகிறவன் ஒன்று தேர்தலில் நிற்கிறான், இல்லையென்றால் நம் நிலத்தில் கண் வைத்திருக்கிறான் என்பது அவர் அனுபவம். சந்தேகம் நியாயமானதுதான். இரண்டாவது ஊகம் உண்மைக்குப் பக்கத்திலும் வருகிறது. நிலத்துக்குப் பதிலாக நிறுவனத்தில் பங்கு கேட்பார்கள். உதாரணமாக மூன்று கோடி ரூபாய் போட்டு 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் வளர்ந்து விற்கப்பட்டாலோ பங்குச் சந்தைக்குப் போனாலோ அந்த 15 சதவீதத்துக்கு உரிய பணம் அவர்களுக்கு. வளராவிட்டால் ஒன்றுமில்லை.

நான் வங்கியில் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. பட்டாவைப் பார்ப்பேன், ஜாமீன்தாரரைப் பார்ப்பேன், மூன்று வருடக் கணக்கைப் பார்ப்பேன். போன மூன்று வருடம் எப்படி இருந்ததோ அப்படியே வரும் மூன்று வருடமும் இருக்கும் என்று நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பெண்ணிடம் பட்டாவும் இல்லை, போன மூன்று வருடமும் இல்லை. அவளை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். விதிப்படி அது சரியாகவும் இருந்திருக்கும்.

துணிகர முதலீட்டிலும் இரண்டு ரகம் உண்டு. வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் செயலி ஒன்றைத் தொடங்கினால், செயலி வேலை செய்யுமா என்று யாரும் கவலைப்படுவதில்லை. ஜனங்கள் வாங்குவார்களா என்பதுதான் கேள்வி. ஆழ்தொழில்நுட்பம், அதாவது பத்திரிகைகள் டீப் டெக் என்று எழுதுகிற ரகத்தில், முதல் கேள்வியே ‘இது நடக்குமா’ என்பது. ராக்கெட், சிப், புது மருந்து, புது மூலப்பொருள் எல்லாம் இந்தப் பக்கம். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2017இல் தொடங்கியது. ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினுடன் அதன் சோதனை ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2024 மே 30 அன்று. நடுவில் ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் பொறியாளர்களுக்குச் சம்பளம் போயிருக்கிறது, ராக்கெட்டை யாரும் விலைக்கு வாங்கியிருக்க முடியாது. தொடக்கத்திலேயே அதில் பணம் போட்டவர்களில் ஒன்று சென்னையைச் சேர்ந்த ஸ்பெஷல் இன்வெஸ்ட் என்ற நிறுவனம். அந்தக் கட்டத்தில் போடுகிறவர்களுக்குத்தான் ‘தொடக்கநிலை’ என்ற அடைமொழி.

இத்தகைய நிறுவனத்துக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் மனதில் இருந்த சித்திரம், தங்கக் கடிகாரம் கட்டிய ஒரு பெரிய பணக்காரர். அதைக் கலைக்க நான் தொட்டபெட்டா மலையின் பழைய கதை ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது.

இந்த மலையில் சிங்கோனா வந்த கதை தெரிந்ததுதான். காய்ச்சலுக்கான கொய்னா அந்த மரத்துப் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. மரமோ தென் அமெரிக்க மலைகளுக்கு உரியது. கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் 1860இல் பெரு நாட்டிலிருந்து கன்றுகளைக் கிளப்பிக்கொண்டு வந்தார். கடல் பயணமும் வெயிலும் தின்றதுபோக மிஞ்சியது சொற்பம். ஈக்வடார் காட்டுக்குள் நோயோடு போராடிக்கொண்டே தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்த செம்பட்டை ரகத்து விதைகள்தான் இங்கே நன்றாகப் பிடித்தன. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்ஐவர் அவற்றை தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடினால் புதுப்பட்டை இன்னும் வீரியமாக வருகிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். ஆனால் வீரியம் கூடியிருக்கிறதா என்று வளர்த்தவரே சொல்லிக்கொண்டால் போதுமா? சென்னை அரசாங்கம் 1866இல் ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை இதற்காகவே நியமித்தது. பட்டையைச் சோதித்து, எதில் எவ்வளவு மருந்துச் சத்து என்று சொல்வது அவர் வேலை. (நடுவட்டத்தில் குழி வெட்டியவர்களில் சிறைக் கைதிகளும் உண்டு. தோட்டக்கலை வரலாறுகளில் அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது.)

தேடிப் போகிறவர், வளர்க்கிறவர், சோதித்துச் சொல்கிறவர், பின்னால் காசு கொடுக்கிறவர். காசு கொடுத்த அரசாங்கம் மலையேறவில்லை. மலையேறியவர்கள் காசு போடவில்லை. ஒரு டீப் டெக் முதலீட்டு நிறுவனத்தின் ஆட்களும் ஏறக்குறைய இந்த நாலு பேர்தான்.

காசு கொடுக்கிறவர்களிடமிருந்தே தொடங்கலாம். இவர்களுக்கு லிமிடெட் பார்ட்னர் என்று பெயர்; நாம் நிதியாளர் என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனம், ஓய்வூதிய நிதி, தொழில் நடத்திச் சேர்த்த குடும்பம், சில சமயம் அரசாங்கம். இந்தியாவில் இத்தகைய நிதிகள் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிகளுக்குள் வருகின்றன. பொதுவாக ஒரு நிதியாளர் குறைந்தது ஒரு கோடி ரூபாயாவது போட வேண்டும். சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி மூலம் 2016இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 கோடி ரூபாய் நிதி, புதிய நிறுவனங்களுக்கு நேரடியாகப் பணம் தருவதில்லை. இப்படிப்பட்ட நிதிகளில் போடுகிறது. தனியார் துறை ஆய்வுக்கென்று ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கும் 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆக, அந்தப் பெண் முன்னால் உட்காரப்போகிறவர்கள் கையாள்வது ஊரார் பணம். யாருடைய ஓய்வூதியமோ அதில் இருக்கலாம். தங்கக் கடிகாரத்தைக் கழற்றிவிடலாம்.

அடுத்தது, தலைமைப் பங்குதாரர்கள். ஜெனரல் பார்ட்னர் என்பார்கள். தொடக்கநிலை நிறுவனம் என்றால் இரண்டு மூன்று பேர்தான். நிதியாளர்களைத் தேடிப் பணம் திரட்டுவதும், எதில் போடுவது என்று கடைசியாகக் கையெழுத்திடுவதும் இவர்கள். செபி விதிப்படி நிதியை நடத்துகிற தரப்பும் தன் பங்குக்கு, மொத்தத்தில் இரண்டரை சதவீதம் அல்லது ஐந்து கோடி, இரண்டில் எது குறைவோ அதைப் போட்டு வைக்க வேண்டும். பூசாரியும் உண்டியலில் கொஞ்சம் போடட்டும் என்ற ஏற்பாடு.

இவர்களுக்கு வருமானம் எங்கிருந்து? இதைப் புரிந்துகொள்ளாமல் இவர்களைப் புரிந்துகொள்ள முடியாது. 300 கோடி ரூபாய் நிதி என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கணக்கில் ஆண்டுக்கு சுமார் இரண்டு சதவீதம், அதாவது ஆறு கோடி, நிர்வாகக் கட்டணம். சம்பளம், வாடகை, வக்கீல் எல்லாம் அதில். 300 கோடி கடைசியில் 900 கோடியானால் லாபம் 600 கோடி. நிதியாளர்களுக்கு முன்பே ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச வருவாய் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த லாபத்தில் சுமார் 20 சதவீதம், 120 கோடி வரை, நடத்தியவர்களுக்கு. இந்த இரண்டாவது பணத்துக்காகத்தான் புத்திசாலிகள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். ஆனால் அது வர ஏழெட்டு வருடமாவது ஆகும், பலருக்கு வருவதேயில்லை.

இங்கேதான் கடிகாரம் மறுபடி வருகிறது, கையில் கட்டாத கடிகாரம். இத்தகைய நிதி ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் பத்து வருடம். நிதியாளர்கள் சம்மதித்தால் ஒன்றிரண்டு கூடலாம். முதல் நாலைந்து வருடம் புதிதாகப் போடுவார்கள். அப்புறம் போட்டதைக் கவனிப்பார்கள், பிறகு அறுவடை. தேயிலையும் நட்ட மறுவருடமே வருமானம் தராது, மூன்று நாலு வருடம் பொறுக்க வேண்டும் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆனால் தேயிலைச் செடிக்கு நூறு வருடம் ஆயுசு உண்டு, நிதிக்கு இல்லை. பத்தாவது வருடம் கணக்கை முடித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஏழு வருடம் பிடிக்கும் ராக்கெட்டில் முதல் வருடம் போட்ட பணத்துக்கும் ஐந்தாம் வருடம் போட்ட பணத்துக்கும் பொறுமை ஒன்றாக இருக்காது. அதனால் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒரே கேள்வி: ‘உங்கள் நிதிக்கு இது எத்தனையாவது வருடம்?’ அவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பதைவிட இந்தப் பதில் முக்கியம். கூட்டத்தில் உட்கார்ந்து அறிமுக அட்டையைப் படிப்பவர்களில் மிகச் சிலரே இதைக் கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

முதலில் மின்னஞ்சல் அனுப்புகிறவர் தலைமைப் பங்குதாரராக இருக்க மாட்டார். அசோசியேட் என்றோ அனலிஸ்ட் என்றோ பெயர் கொண்ட ஓர் இளைஞர் அல்லது இளம்பெண். சிங்கோனாவைத் தேடிப் போன கிளமெண்ட்ஸ் மார்க்கத்தின் இடத்தில் இருப்பவர் இவர்தான். ஆய்விதழ்களையும் காப்புரிமை விண்ணப்பங்களையும் படிப்பது, ஆய்வகங்களில் நின்று பேசுவது, வருடத்துக்கு நூற்றுக்கணக்கானவர்களைச் சந்தித்து ஓரிருவரை மேலே கொண்டுபோவது இவர் வேலை. டீப் டெக் நிறுவனங்களில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் இந்த இடத்தில் இருப்பது சகஜம். இவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் உண்டு. ‘சரி’ என்று சொல்லும் அதிகாரம் இல்லை. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவரோடு இவரை ஒப்பிட்டு ஒருவர் சொல்லக் கேட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே நமக்காக வாதாடப்போகிற முதல் ஆள் இவர். இவருக்குப் புரியும்படி சொல்லாவிட்டால் உள்ளே யாருக்கும் புரியாது.

அப்புறம் சோதித்துச் சொல்கிறவர், பிராட்டன். நிறுவனத்துக்குள் இருக்கும் மூன்று பேருக்குப் படலமும் தெரிந்து, ராக்கெட்டும் தெரிந்து, மரபணுவும் தெரிந்திருக்க வழியில்லை. அதனால் வெளியே பேராசிரியர்களையும் தொழிற்சாலை அனுபவம் உள்ளவர்களையும் ஆலோசகர்களாக வைத்திருப்பார்கள். ‘ஆய்வகத்தில் கட்டைவிரல் அளவு செய்ததைக் கதவளவுக்குச் செய்ய முடியுமா? ஈரத்தில் ஆறு மாதம் நிற்குமா?’ என்று கேட்பவர் இவர். என் கணிப்பில் ஒரு டீப் டெக் நிறுவனத்தின் தரத்தை அளக்க வேண்டிய இடம் இதுதான். கூட்டத்தில் யாராவது ‘இது எனக்குத் தெரியாது, தெரிந்தவரை அழைத்து வருகிறேன்’ என்று சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எல்லாம் தெரிந்ததுபோல் தலையாட்டுகிறவர் பணத்தோடு வந்தாலும் பின்னால் தொல்லைதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இத்தகைய நிறுவனங்கள் முதல் சந்திப்பிலேயே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அபூர்வம். எனவே செய்முறையை விரித்துச் சொல்வதற்கு முன் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பமாவது போட்டுவிட வேண்டும். முழு விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் கிடைக்கும். அந்தக் காப்புரிமை யார் பெயரில் என்பதையும் அவர்கள் உறுதியாகக் கேட்பார்கள். ஆய்வு கல்லூரி ஆய்வகத்தில் நடந்திருந்தால் உரிமை பெரும்பாலும் கல்லூரிக்குப் போகும். அங்கிருந்து உரிமம் வாங்க வேண்டும். அப்பாவுக்கு இது அநியாயமாகப் பட்டது. “செய்தது என் மகள்தானே?” நிலம் யாருடையதோ அவருக்கும் விளைச்சலில் பங்கு உண்டே என்றேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

நாலாவது ஆள், வளர்க்கிறவர், மக்ஐவர். சில நிறுவனங்களில் இதற்கென்றே ஆட்கள் உண்டு: முதல் வாடிக்கையாளரைப் பிடித்துத் தருவது, தொழிற்சாலை நடத்தத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவருவது, அடுத்த சுற்றுப் பணத்துக்கு வழி காட்டுவது. மற்றவற்றில் பங்குதாரர்களே பார்த்துக்கொள்வார்கள். கணக்காளர், அறங்காவலர், செபிக்கு அறிக்கை அனுப்புகிறவர் ஆகியோரும் இருப்பார்கள். நம் பெண் அவர்களைச் சந்திக்கப் போவது கையெழுத்து நாளன்றுதான்.

வளர்க்கிறவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1972இல் தொடங்கிய கிளைனர் பெர்கின்ஸ் நிறுவனத்தின் இரண்டு தலைவர்களும் பொறியாளர்கள். யூஜின் கிளைனர் சிலிக்கான் சிப் செய்த ஃபேர்சைல்டைத் தொடங்கிய எட்டுப் பேரில் ஒருவர். டாம் பெர்கின்ஸ் ஹியூலெட் பேக்கர்டில் கணினிப் பிரிவை நடத்தியவர். கிளைனர் பெர்கின்ஸில் வேலை பார்த்திருந்த ராபர்ட் ஸ்வான்சன் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர், மரபணுவை வெட்டி ஒட்டும் முறையைக் கண்டவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் போயரைத் தேடிப் போய்ப் பேசினார். 1976இல் ஜெனன்டெக் பிறந்தது. பாக்டீரியாவை வைத்து மனித இன்சுலின் செய்வது திட்டம். நடக்குமா என்று யாருக்கும் தெரியாது.

ஆய்வகம் கட்டப் பெரிய தொகை வேண்டுமென்று கேட்டார்கள். பெர்கின்ஸ் தயங்கினார். கட்டடம் கட்டிவிட்டுச் சோதனை தோற்றால் கட்டடம் மட்டும் மிஞ்சும். முதலில் சோதனையை ஏற்கெனவே இருக்கும் பல்கலைக்கழக ஆய்வகங்களில் ஒப்பந்தமாகக் கொடுத்துச் செய்து பாருங்கள் என்றார். ஒரு லட்சம் டாலர் போட்டார். இன்சுலினுக்கும் முன்னால், அதைவிடச் சிறிய சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோனை முயன்றார்கள்; 1977இல் வெற்றி. இன்சுலின் 1978இல். 1980இல் பங்குச் சந்தை. 1982இல் அந்த இன்சுலின் மருந்தாக விற்க அமெரிக்க அரசு அனுமதி தந்தது. முதல் ஒரு லட்சம் டாலர் எதையும் உற்பத்தி செய்யவில்லை. பெரிய சந்தேகம் ஒன்றைத் தீர்த்தது, அவ்வளவுதான். அடுத்து வந்த பணம் அதனாலேயே பயமில்லாமல் வந்தது. எந்தச் சந்தேகத்தை முதலில் எரிக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் கூட உட்கார்ந்தால், சின்னப் பணமும் பெரும்பணமாகிறது.

கடைசியாக, முடிவெடுக்கும் குழு. பங்குதாரர்கள் கூடி வாக்களிப்பார்கள். சில இடங்களில் எல்லோரும் ஒப்ப வேண்டும். சில இடங்களில் ஒருவர் பிடிவாதமாக நின்றால் போதும். எல்லோருக்கும் உடனே பிடித்துப்போகும் யோசனை ஊரில் ஏற்கெனவே நாலு பேர் செய்துகொண்டிருப்பதாக இருக்கும் என்பதால் எனக்கு இரண்டாவது முறையில்தான் நம்பிக்கை. குழுவில் கேட்கப்படும் கொடூரமான கேள்வி ‘எவ்வளவு பெரிதாகும்?’ என்பது. பேராசை போலத் தோன்றும். அதன் பின்னால் இருப்பது எளிய பெருக்கல். போட்ட இருபது இருபத்தைந்து நிறுவனங்களில் பாதிக்கு மேல் ஒன்றும் தராது. தேறும் ஒன்றிரண்டுதான் மொத்த நிதியையும் தூக்க வேண்டும். அந்த ஒன்றில் கடைசியில் கையில் 10 சதவீதம் நிற்கிறது என்றால், 300 கோடியைத் திருப்ப அதன் மதிப்பு 3,000 கோடியாக வேண்டும். நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகள் அத்தனைக்கும் வாசனைப் படலம் விற்றாலும் அந்த எண் வராது. இது அந்தப் பெண்ணுக்கு வலித்தது. அவள் இந்த மலைக்காகத்தான் அதைச் செய்தாள்.

எல்லா அறிவியலும் இந்தக் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி மலைச் சரிவில் சாய்ந்து கிடக்கிறது. டாடா ஆதார ஆய்வு நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் எழுந்தது. சரிவின் கோணமும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்று, பதினோரு டிகிரி. அதனால் ஓர் அச்சில் சுழற்றினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மலையையே கருவியின் பாகமாக்கிய யோசனை. பத்து வருடத்தில் லாபத்தோடு திருப்பிக் கொடு என்று சொல்லும் எந்த நிதியும் இதைக் கட்டியிருக்காது. அதில் தப்பும் இல்லை. அந்தப் பணத்தின் இயல்பு அது.

கார்த்திகையில் அவள் சென்னையில் அவர்களைச் சந்தித்தாள். மூன்று பேர் வந்திருந்தார்கள்; அதில் ஒருவர் பெயின்ட் தொழிற்சாலையில் இருபது வருடம் இருந்தவர், படலம் பற்றிய கேள்வி எல்லாம் அவரிடமிருந்து. எத்தனையாவது வருடம் என்று கேட்டிருக்கிறாள். இரண்டாவது என்றார்களாம், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. பணம் பற்றி இன்னும் பேச்சில்லை. மீன் குளிர்பதனக் கிடங்கில் இதே படலம் கெட்டுப்போகும் வாசனையைப் பிடிக்குமா, ஈரமான தொழிற்சாலையில் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்காக அவள் ஊருக்கு வந்திருக்கிறாள். இரவெல்லாம் வாடிய இலை விடியற்காலையில்தான் நறுக்க வருகிறது. நாலு மணிக்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய், டீ மேக்கர் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறாள். அவர் மூக்கு சொல்லும் நிமிடம் ஒரு வரிசை, படலம் சொல்லும் நிமிடம் ஒரு வரிசை. நேற்று இரண்டுக்கும் ஆறு நிமிடம் வித்தியாசமாம். யார் சரி என்று கேட்டார் அப்பா. தூளை ஊற்றிக் குடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று நாலு கோப்பையோடு என் வீட்டுக்கு வந்திருந்தார்.